மலிவு விலை மொபைல் ரிக்: வாங்குவதிலிருந்து காரில் பொருத்திப் பேசுவது வரை

ஹாம் ரேடியோ எனும் அமெச்சூர் வானொலிக்காகக் காரில் பொருத்தும் கியூஒய்டி கேடி-8900 போன்ற சின்ன மொபைல் ரிக்கை (பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோவை) வாங்கியவர்களிடம் பேசினால், ஒருவர் "இந்த விலைக்கு இதைவிட என்ன வேண்டும்?" என்பார். அதே மாடலை வைத்திருக்கும் இன்னொருவர் "தூரம் போகவில்லை, தொட முடியாத அளவு சூடாகிறது, ஊருக்குள் நுழைந்தால் எதுவும் கேட்பதில்லை" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ரேடியோ ஒன்றே. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர், கூரையில் நிற்கும் ஆன்டெனா, வண்டி ஓடும் ஊர் ஆகியவைதான் வேறு வேறு.

இந்த வகை ரேடியோவைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி பொருத்திய விதத்தால் வருபவை என்பது என் கருத்து. மீதி உண்மையிலேயே ரேடியோவின் பிறவிக் குறை. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் தேவையில்லாமல் பணம் செலவழிக்க வேண்டாம். கேடி-8900-ஐ எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். 25 வாட் அளவில் வரும் மற்ற சின்ன ரிக்குகளுக்கும் இதே வழிதான்.

படி 1: உரிமமும் எல்லையும்

இந்தியாவில் உரிமம் இல்லாமல் இந்த ரேடியோவைக் கையில் வைத்திருப்பதே சட்டப்படி தவறு. தொலைத்தொடர்புத் துறையில் வயர்லெஸ் உரிமங்களைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வை 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு சங்கேதம்) தேர்வு கிடையாது. கிரேடுக்கு ஏற்ப வாட் வரம்பு மாறும் என்பதால், உரிமத்தில் உங்களுக்கு என்ன அனுமதித்திருக்கிறார்கள் என்பதையும், வண்டியில் வைத்து இயக்குவது பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். உரிமத்தின் நகல் ஒன்று எப்போதும் காரிலேயே இருக்கட்டும். சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல அது உதவும்.

ஹாம்களான நமக்குரிய அலைவரிசை 2 மீட்டர் பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, 70 சென்டிமீட்டரில் 434 முதல் 438 வரை. மலிவு ரிக்குகளோ 136 முதல் 174 வரையும், 400 முதல் 480 வரையும் திறந்தே வருகின்றன. காவல்துறை, தீயணைப்பு, தனியார் நிறுவனங்கள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் பேசுகின்றன. பிடிடியை (பேசும்போது அழுத்தும் மைக் பொத்தானை) தவறான இடத்தில் அழுத்தினால் ரேடியோ தடுக்காது, நீங்கள்தான் தடுக்க வேண்டும். எப்படி என்பதை படி 6-இல் சொல்கிறேன்.

படி 2: எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது

கேடி-8900 ஏறத்தாழ 10 செ.மீ. அகலம், அரைக் கிலோவுக்கும் குறைந்த எடை. 2 மீட்டரில் 25 வாட், 70 சென்டிமீட்டரில் 20 வாட் என்று போட்டிருப்பார்கள். பெயரின் கடைசியில் 'டி' சேர்ந்த மாடலில் வண்ணத் திரையில் நான்கு அலைவரிசைகள் ஒரே நேரத்தில் தெரியும். நான்கையும் ஒரே நேரத்தில் கேட்கலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே ரிசீவர் ஒன்றுதான். அது மாறி மாறி எட்டிப் பார்க்கிறது, முதலில் சிக்னல் வந்த இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

65 வாட் தரும் ஐகாம் ஐசி-2300எச் போன்ற ஒரு பேண்ட் ரிக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? வாட்டில் என்று தோன்றும். 25 வாட்டுக்கும் 65 வாட்டுக்கும் இடையே இருப்பது, சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவில், சுமார் 4 டெசிபெல்தான். எதிர்முனையின் சிக்னல் மீட்டரில் ஒரு புள்ளி, அதாவது ஒரு எஸ் யூனிட், என்பது 6 டெசிபெல் என்று கணக்கு, ஆக ஒரு புள்ளிகூட முழுதாக ஏறாது. உண்மையான வித்தியாசம் ரிசீவரில் இருக்கிறது. பக்கத்துப் பலத்த சிக்னல்களை வடிகட்டும் திறனுக்குத்தான் அங்கே கூடுதல் பணம் கொடுக்கிறோம். சென்னை, கோவை, பெங்களூரு போன்ற நெரிசலான நகரத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓட்டுபவர் என்றால் இதை நன்றாக யோசியுங்கள். நெடுஞ்சாலையிலும் சிற்றூர்களிலும் ஓடும் வண்டிக்கு மலிவு ரிக் தாராளமாகப் போதும்.

படி 3: காருக்குப் போகும் முன் மேசையில் சோதனை

பலர் தவிர்த்துவிடும் படி இது. திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இதைச் செய்தே ஆக வேண்டும். 13.8 வோல்ட்டில் 10 ஆம்பியர் தரக்கூடிய ஒரு பவர் சப்ளை, 30 வாட்டுக்கு மேல் தாங்கும் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக பவரை வாங்கிக்கொள்ளும் சுமை), 2 மீட்டர் (வி.எச்.எஃப்.), 70 சென்டிமீட்டர் (யு.எச்.எஃப்.) இரண்டிலும் சரியாகக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் (அனுப்பிய பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது) வேண்டும். உங்களிடம் இல்லாவிட்டால் ஊரில் உள்ள மூத்த ஹாம் ஒருவரிடம் கேளுங்கள். இந்தக் குடும்பத்தில் கருவி கேட்டால் இல்லை என்று சொல்பவர்கள் குறைவு.

முதலில் பவர் அளவு. 25 என்று போட்ட இடத்தில் 20, 22 வந்தால் கவலைப்படாதீர்கள், காதில் தெரியாத வேறுபாடு அது. 10-க்குக் கீழே போனால் திருப்பி அனுப்புங்கள். அடுத்து, முழு பவரில் ஒரு நிமிடம் அனுப்பி, இரண்டு நிமிடம் கேட்கும் நிலையில் விட்டு, இதைச் சில முறை திரும்பச் செய்யுங்கள். விசிறி சுற்றுகிறதா, பவர் கீழே இறங்கிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது சோதனைதான் முக்கியம்: ஹார்மோனிக், அதாவது அனுப்பும் அலைவரிசையின் மடங்குகளில் கசியும் வேண்டாத சிக்னல். 145 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது அதன் மும்மடங்கு 435-இல் விழுகிறது. அது நம் 70 சென்டிமீட்டர் பேண்டுக்கு உள்ளேயே இருப்பதால், இரு பேண்ட் ஆன்டெனா அதை அழகாக வெளியே வீசிவிடும். ஆன்டெனா தடுக்கும் என்று நம்ப முடியாது. டம்மி லோடில் 145.200-இல் குறைந்த பவரில் அனுப்பிக்கொண்டே, சற்றுத் தள்ளி இன்னொரு ஹேண்டியையோ (கையடக்க ரேடியோ) ஆர்டிஎல்-எஸ்டிஆரையோ (கணினியில் செருகும் ரிசீவர்) 435.600-இல் வைத்துக் கேளுங்கள். ஒரே அறையில் லேசாகக் கேட்பது இயல்பு. இரண்டு வீடு தள்ளியும் தெளிவாகக் கேட்டால் அந்த ரேடியோ சுத்தமில்லை. ஒரே மாடலில் ஒன்று நன்றாகவும் இன்னொன்று மோசமாகவும் இருப்பது இந்த விலையில் சகஜம் என்பதால், நண்பருடையது நன்றாக இருந்தது என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. இரட்டிப்பான 290-ஐ எஸ்டிஆரில் பார்க்க முடிந்தால் அதையும் பாருங்கள்.

படி 4: பேட்டரியிலிருந்து ஒயர்

"பிடிடி அழுத்தினால் ரேடியோ அணைந்து எரிகிறது" என்ற புகார் வந்தால், பத்தில் ஒன்பது முறை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருப்பார்கள். 25 வாட் வெளியே போக உள்ளே ஏறக்குறைய மூன்று மடங்கு வாட் தேவை. அதாவது 5, 6 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட் தாங்கும் அளவுதான், ஆனால் அதன் ஸ்பிரிங் தொடர்பு இழப்பைக் கூட்டும், சூடாகும். குறைந்த பவரில் பேச மட்டும் சாக்கெட் சரி.

ஒயரின் கனத்தைக் கணக்குப் போட்டே வாங்குங்கள். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு 4 மீட்டர் என்றால் போக வர 8 மீட்டர். 0.75 சதுர மி.மீ. ஒயரில் 6 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயரில் அதே மின்னோட்டத்துக்கு 0.35 வோல்ட்தான் இழப்பு. இன்ஜின் ஓடாதபோது பேட்டரி 12.4-இல் இருந்தால், மெல்லிய ஒயர் வழியே ரேடியோவுக்கு 11-க்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அப்போது பேச்சு கரகரக்கும், பவர் விழும். ரேடியோவைக் குறை சொல்வார்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். பாசிட்டிவ் ஒயரை நேராக பேட்டரி முனையில் இணைத்து, முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். ஃபியூஸ் ரேடியோவைக் காப்பாற்ற அல்ல. வழியில் ஒயர் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்கத்தான். அதனால் அது பேட்டரி பக்கம்தான் இருக்க வேண்டும். ரேடியோவோடு வந்த ஒயரில் உள்ள ஃபியூஸையும் அப்படியே விட்டுவிடுங்கள். இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஏற்கெனவே ரப்பர் வளையம் உள்ள துளை ஒன்று இருக்கும். அதன் வழியே நுழையுங்கள். புதுத் துளை போட்டால் விளிம்பு ஒயரை அறுக்காமல் இருக்க ரப்பர் வளையம் கட்டாயம்.

நெகட்டிவில் ஒரு எச்சரிக்கை. சிக்னலில் தானாக இன்ஜினை அணைத்து எரியவைக்கும் புதிய கார்களில், பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே ஒரு சென்சார் இருக்கும். உங்கள் ஒயரை அந்த முனையில் நேராக இணைத்தால், ரேடியோ இழுக்கும் மின்னோட்டம் சென்சாருக்குத் தெரியாமல் போய், காரின் சார்ஜ் கணக்கு தப்பும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் வண்டியின் உடலில் எங்கே போல்ட் ஆகிறதோ அங்கே இணையுங்கள்.

நேரடி இணைப்பில் இன்னொன்றும் உண்டு. சாவியை எடுத்தாலும் ரேடியோ அணையாது. கேட்கும் நிலையில் அரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும் என்றாலும், நம் சின்னக் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கிறது. ரேடியோவை அணைக்க மறந்து மூன்று நாள் வெளியூர் போனால் வண்டி கிளம்பாது. இக்னிஷனில் இயங்கும் ஒரு சின்ன ரிலேயை நடுவில் வைப்பது நல்லது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாரிடமும் கிடைக்கும் சாதாரண 12 வோல்ட் ரிலே போதும்.

படி 5: ஆன்டெனா

ரேடியோவுக்குக் கொடுத்த பணத்தில் பாதியையாவது இங்கே செலவிடுங்கள் என்பேன். தொகுப்போடு இலவசமாக வரும் குட்டி ஆன்டெனாவைக் கழற்றி வைத்துவிடலாம்.

எளியதும் நம்பகமானதும் கால் அலை நீள ஆன்டெனா. 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 செ.மீ. கம்பி. அதே கம்பி 435-இல் முக்கால் அலை நீளமாகிவிடுவதால், இரண்டு பேண்டிலும் ஏற்கத்தக்க எஸ்டபிள்யூஆர் தரும். ஆனால் கம்பி பாதிதான், மீதிப் பாதி அதன் அடியில் உள்ள இரும்புக் கூரை. சுற்றிலும் அரை மீட்டர் தகடு இருந்தால்தான் அது முழு ஆன்டெனா. கூரையின் நடுதான் அதற்கு உரிய இடம். பிளாஸ்டிக் பம்பரிலும் கண்ணாடியிலும் ஒட்டுபவர்கள் "தூரம் போகவில்லை" என்று சொல்வதில் வியப்பில்லை. எட்டில் ஐந்து பங்கு அலை நீளம் என்றால் 1.2 மீட்டர் உயரம் வரும். திறந்த சாலையில் கொஞ்சம் கூடுதல் பலன், தாழ்வான மரக்கிளையும் அடித்தள வாகன நிறுத்தமும் தொல்லை.

காந்த அடிப்பாகம் வாங்கும் முன் உங்கள் கூரையில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். சன்ரூஃப் வண்டிகளில் இடம் குறைவு. வைக்கும் முன் கூரையையும் காந்தத்தையும் துடையுங்கள். நடுவில் ஒரு மணல் துகள் இருந்தாலும் பெயின்ட் போகும். கடற்கரை ஊர்களில் மாதம் ஒருமுறையாவது எடுத்துத் துடைக்காவிட்டால் அடியில் துரு பிடிக்கும்.

கேபிள் ஆர்ஜி-58 ஆக இருக்கட்டும். 4 மீட்டரில் 2 மீட்டர் பேண்டுக்கு ஒரு டெசிபெல்லுக்குள் இழப்பு, 70 சென்டிமீட்டருக்கு ஒன்றரை டெசிபெல் அளவு. அதாவது 20 வாட்டில் 14 வாட்தான் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். மலிவு அடிப்பாகங்களில் வரும் மெல்லிய ஆர்ஜி-174 கேபிளில் இழப்பு இதன் இரு மடங்கை நெருங்கும். பின் கதவின் ரப்பர் வழியே கேபிளைக் கொண்டுபோங்கள். கதவு அதைக் கடிக்காமல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே நுழையும் முன் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிள் முனையிலுள்ள பிஎல்-259 பிளக்கை வாங்கியவுடன் மல்டிமீட்டரால் சோதியுங்கள். மலிவு கேபிள்களில் வெளிவலை பல நேரம் சால்டர் ஆகாமல் வெறுமனே செருகியிருக்கும்.

கடைசியாக எஸ்டபிள்யூஆர். கதவுகளை மூடி, கட்டடங்களிலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்தி அளவெடுங்கள். 1.5-க்குள் இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். 2 என்றால் திரும்பி வருவது 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். கம்பி நீளமாக இருந்தால் சில மில்லிமீட்டராக வெட்டுங்கள். நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) இருந்தால் வேலை சுலபம். ஆனால் அதை ஆன்டெனாவோடு மட்டும் இணைக்க வேண்டும், ரேடியோவின் அவுட்புட்டோடு இணைத்துப் பிடிடி அழுத்தினால் கருவி அங்கேயே போய்விடும். இழப்பு மிகுந்த கேபிள் எஸ்டபிள்யூஆரை நல்லதாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரேடியோவை வைக்கும் இடம் பற்றி இரண்டு செய்தி. ஏர்பேக் விரியும் பாதையில் ரேடியோவோ கேபிளோ மைக்கோ இருக்கக் கூடாது. பின்புறம் விசிறிக்குக் காற்று போக இடைவெளி வேண்டும்.

படி 6: சேனல்களை ஏற்றுவது

பொத்தான்களை அழுத்தி ஏற்றலாம், ஆனால் பொறுமை தீர்ந்துவிடும். சிர்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். முதல் வேலை, ரேடியோவில் இருப்பதை அப்படியே படித்து ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பது. பின்னால் ஏதாவது குழம்பினால் அந்தக் கோப்புதான் உங்களை மீட்கும். ரேடியோவைக் கணினியோடு இணைக்கும் கேபிளில் போலி புரோலிஃபிக் சிப் இருந்தால் புதிய விண்டோஸ் டிரைவர் அதை ஏற்காது. பழைய டிரைவரை நிறுவினால் வேலை செய்யும், அல்லது எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளை வாங்கிவிடுங்கள்.

2 மீட்டர் ரிப்பீட்டருக்கு (நம் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) நாம் அதைக் கேட்கும் அலைவரிசையைவிட 600 கிலோஹெர்ட்ஸ் கீழே அனுப்ப வேண்டும். டோன் (ரிப்பீட்டரைத் திறக்க, குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த ஒலி) தேவைப்படும் ரிப்பீட்டரில் அனுப்பும் டோனை மட்டும் முதலில் வையுங்கள். கேட்கும் டோனையும் சேர்த்துவிட்டு, "ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை" என்று திணறுபவர்கள் உண்டு. எதிர்முனையில் உங்கள் குரல் மெல்லியதாகக் கேட்டால் சேனல் நேரோவில் (குறுகிய அகலத்தில்) இருக்கிறதா என்று பாருங்கள். வைடு என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். அனுப்பும் நேர வரம்பை மூன்று நிமிடத்துக்குள் வையுங்கள். மைக் இருக்கைக்கு அடியில் அமுங்கி ரிப்பீட்டரையே அடைத்துவிடும் விபத்தை அது தடுக்கும்.

நமக்கு உரியதல்லாத எந்த அலைவரிசையையும் கேட்பதற்காகச் சேர்த்தால், சிர்ப்பில் டூப்ளெக்ஸ் கட்டத்தில் 'ஆஃப்' என்று தேர்ந்தெடுங்கள். அதில் பிடிடி வேலை செய்யாது.

படி 7: இரைச்சலைப் பிரித்தறிவது

இன்ஜினை அணைத்து, ஸ்கெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பை) முழுதாகத் திறந்து, அமைதியான சேனலில் ஒரு தூரத்துச் சிக்னலைக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இயக்குங்கள்: இன்ஜின், டேஷ்கேம், யுஎஸ்பி சார்ஜர், பின்னால் மாட்டிய எல்இடி விளக்கு. எதை இயக்கியதும் அந்தச் சிக்னல் அமுங்குகிறதோ அதுவே குற்றவாளி. மலிவு சார்ஜர்களும் டேஷ்கேம்களும் 2 மீட்டரில் பெரும் தொல்லை. அவற்றின் ஒயரில் ஃபெரைட் கிளிப் (இரைச்சலை அடக்கும் வளையம்) மாட்டுங்கள், தீராவிட்டால் சார்ஜரை மாற்றுங்கள்.

இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் விசில் உங்கள் பேச்சில் கேட்டால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து மின் ஒயர் வழியே வருகிறது. படி 4-ஐ ஒழுங்காகச் செய்திருந்தால் அநேகமாக வராது.

இதெல்லாம் இல்லாமல், குறிப்பிட்ட இடங்களைக் கடக்கும்போது மட்டும் ரேடியோ செவிடாகிறதா? அதுதான் மேலே சொன்ன பிறவிக் குறை. மொபைல் கோபுரம், ஒளிபரப்பு நிலையம், வயர்லெஸ் தளம் இருக்கும் இடங்களில் பலத்த சிக்னல் ரிசீவரின் முகப்பிலேயே நுழைந்து அதைத் திணறடிக்கிறது. பெரிய ஆன்டெனா மாட்டினால் இது இன்னும் மோசமாகும். ஸ்கெல்ச்சில் டோன் வைத்தால் இரைச்சல் காதில் விழாது, ஆனால் இழந்த கேட்கும் திறன் திரும்பாது. அந்த இடத்தில் மெல்லிய சிக்னல் கேட்காமலே போய்விடும். 2 மீட்டருக்கான பேண்ட்-பாஸ் ஃபில்டர் (அந்தப் பேண்டை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி) ஒன்றை ஆன்டெனா வழியில் வைப்பதுதான் மருந்து. 25 வாட்டைத் தாங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும், அது மாட்டியிருக்கும்வரை 70 சென்டிமீட்டர் கிடையாது. தினமும் அந்தப் பாதையில்தான் போகவேண்டும் என்றால், அந்தப் பணத்தோடு இன்னும் சேர்த்து நல்ல ரிசீவர் உள்ள ரிக்குக்கு மாறுவதே மேல்.

படி 8: எவ்வளவு தூரம், எத்தனை வாட்

இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவின் ரேடியோ அடிவானம் 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் வரும் கணக்கு இது. ஆக சமவெளியில் இரண்டு கார்கள் நேரடியாகப் பேச 11, 12 கிலோமீட்டர் நல்ல எல்லை. கட்டடங்களுக்கு நடுவே இன்னும் குறையும். ஏற்காடு மலை சேலம் சமவெளியைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் ஒரு நிலையம் இருந்தால் 140 கிலோமீட்டருக்கு அப்பாலும் அடிவானம் விரியும். வாட்டைக் கூட்டுவதைவிட, மேட்டில் ஏறி வண்டியை நிறுத்துவது எத்தனையோ மடங்கு பலன் தரும்.

அதனால் அன்றாடப் பேச்சுக்கு 10 வாட்டில் வையுங்கள். 25-க்கும் இதற்கும் வித்தியாசம் 4 டெசிபெல். சூடு மட்டும் நன்றாகவே குறையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது ஏறி உட்கார்ந்ததும் முழு பவரில் நீளமாகப் பேசுவது இந்தச் சின்ன உடம்புக்கு நல்லதல்ல. கண்ணாடியை இறக்கி, கொஞ்ச நேரம் காற்று போக விட்டுப் பேசுங்கள். ஸ்பீக்கரின் சன்னக் குரல் வண்டிச் சத்தத்தில் அமுங்கினால் வெளி ஸ்பீக்கர் ஒன்று மாட்டுங்கள். மிகக் குறைந்த செலவில் பெரிய மாற்றம் அது.

படி 9: விண்வெளி நிலையத்துக்கு ஒரு சேனல் வரிசை

இத்தனையும் ஒழுங்காக அமைந்த வண்டியிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள ரிப்பீட்டரையும் முயலலாம். 145.990-இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு அனுப்ப வேண்டும், 437.800-இல் கேட்க வேண்டும். நிலையம் நம்மை நோக்கி வரும்போது டாப்ளர் விளைவால் (வேகத்தால் அலைவரிசை மாறுவது) நாம் கேட்கும் அலைவரிசை 10 கிலோஹெர்ட்ஸ் அளவு மேலேயும், விலகும்போது அதே அளவு கீழேயும் நகரும். எனவே கேட்கும் அலைவரிசையை 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து சேனல்களாக ஏற்றி, சிர்ப்பில் ஸ்பிளிட் தேர்ந்தெடுத்து அனுப்பும் அலைவரிசையை எல்லாவற்றிலும் 145.990 என்றே வையுங்கள். நிலையம் கடந்து செல்ல 10 நிமிடம்போல ஆகும். அந்த நேரத்தில் சேனலை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டு போனால் போதும். ரிப்பீட்டரை அவ்வப்போது வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவார்கள், நிலையத்தின் ஹாம் ரேடியோவைக் கவனிக்கும் அரிஸ் அமைப்பு அதன் நிலையை அறிவிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ரிசீவர் என்பதால் உங்கள் குரலே திரும்பி வருவதைக் கேட்க முடியாது. கால் சைனை (உரிமத்தில் உள்ள உங்கள் அழைப்புக் குறியை) சொல்லிவிட்டு உடனே பிடிடியை விட்டுக் காத்திருங்கள், மற்றவர்களும் வரிசையில் இருப்பார்கள். இதை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும்.